அறுபத்து நான்கு என்னும் மாதிரி எண்

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய விரும்புகிறேன்.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று தங்களுக்குத் தோன்றக்கூடும். தொலைபேசியில் பேசிய ஒன்றை இருவர் இருவிதமாக நினைவில் வைத்துக்கொள்வதை முப்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் பார்த்து வருகிறேன். ஆகவே பதிவுத் தபாலில் எழுதுகிறேன். தாங்களும் அவ்வாறே பதில் எழுதினால் நலம்.

தங்கை இங்கு வந்து ஒன்பது நாள்கள் ஆகின்றன. விசாரணை முடியும்வரை தாங்கள் இருவரும் இவ்விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்று தங்கள் நிறுவனத்தின் விசாரணைக் குழு கட்டளையிட்டிருப்பதால், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது ஆகாத காரியம் என்று அவள் புறப்பட்டு வந்ததில் எனக்கு மாறுபாடு இல்லை. மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். சாப்பிடுகிறாள். சாப்பிடும்போது சுவரைப் பார்க்கிறாள்.

வந்த அன்றே நேரடியாகக் கேட்டேன், அந்தப் பிழையை எழுதியது யார் என்று. "நான்தான்ணா எழுதினேன். என் பேர்லதானே இருக்கு, இதுல என்ன ரகசியம்?" என்றாள். சொன்ன வேகம் எனக்கு ஐயத்தைத் தந்தது. உண்மையைச் சொல்பவர்கள் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரையோ மறைத்து நிற்பவர்கள்தாம் அப்படிச் சொல்வார்கள்.

அவளுடைய வழக்கறிஞர் என்ற முறையில், நான் சொல்லும்வரை குழுவின் முன் வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்கு அறிவுரை கூறியிருக்கிறேன். மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் படம் முழுமையாகத் தெரியாமல் போய், ஒரு நோயாளிக்கு ஆறு நாள் தாமதமாகச் சிகிச்சை தொடங்கியது என்பது வரை எனக்குத் தெரியும். தெரியாதவற்றை இங்கே கேட்கிறேன். ஒன்று, பிழை யாது? இரண்டு, ஒருவர் பெயரில் இன்னொருவர் நிரலில் மாற்றம் எழுத இயலுமா? மூன்று, எழுதிய மாற்றத்துக்கு ஒப்புதல் அளிப்பவர் யார்?

உங்கள் அன்புள்ள,
மைத்துனன்


மார்ச் 7

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திருமணத்துக்கு முன்பும் நீங்கள் இப்படித்தான் எண் போட்டுக் கேள்வி அனுப்பினீர்கள். அப்போது பதினேழு. பதினாறாவது கேள்வி, "குறட்டை விடும் வழக்கம் உண்டா?" இப்போது மூன்றுதான் என்பதால் நிலைமை முன்னேறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி. திரையில் படம் வரையும் சிப்புக்குக் கட்டளை எழுதுவது ஷேடர் மொழியில். அதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரை எழுதுவது எங்கள் ஆறு பேரின் வேலை. தலைமை உங்கள் தங்கை. மொழியின் இலக்கணம் முழுவதும் அவளுடைய பன்னிரண்டு ஆண்டு உழைப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருக்கும் வாடகை ஒப்பந்தப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதம் என்ற இடம் காலி. சும்மா விட்டால் படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முடியாது என்பதற்காக, பென்சிலால் 'பதினொன்று' என்று மாதிரிக்கு எழுதி வைக்கிறீர்கள். குடியிருக்க வருபவர் தம் எண்ணைச் சொன்னதும் பென்சிலை அழித்து மையால் எழுத வேண்டும். எங்கள் மொழியிலும் அப்படி எண்கள் உண்டு. ஸ்பெஷலைசேஷன் கான்ஸ்டன்ட் என்போம். எழுதும்போது மாதிரி எண் ஒன்று இருக்கும். உண்மையான எண்ணைக் கடைசியில், பயன்படுத்தும் இடத்தில் கொடுப்பார்கள். யாரும் எதுவும் கொடுக்காவிட்டால் மட்டுமே மாதிரி எண் செல்லும்.

ஸ்கேன் படத்தின் அடுக்குகளின் எண்ணிக்கை அப்படிப்பட்ட எண். மாதிரி, அறுபத்து நான்கு. அந்த மருத்துவமனையின் கருவிக்குத் தொண்ணூற்றாறு. அவர்கள் தொண்ணூற்றாறு என்று சரியாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் கம்பைலர், அடுக்குகளை வைக்கும் அட்டவணையின் நீளத்தைக் கணக்கிடும் ஓர் இடத்தில் மட்டும், பென்சில் எழுத்தை மை என்று நினைத்து முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. பிறகு வந்த எண்ணுக்கு அங்கே இடமில்லை. முப்பத்திரண்டு அடுக்குகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. கடைசி அடுக்குகளில்தான் அந்த நோயாளியின் கட்டி இருந்தது.

இரண்டாவது கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறவுச்சொல். வீட்டில் அவளுடையது எனக்கும் என்னுடையது அவளுக்கும் தெரியும். அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாவது. அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தவன் நான்.

அவளுக்கு மாடி அறையில் வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் படித்தால் தலைவலி வரும் அவளுக்கு.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விளக்கம் தெளிவாக இருந்தது. நன்றி. மாடி அறைக்கு வேறு விளக்கு மாற்றப்பட்டுவிட்டது.

அவளுடைய வழக்கறிஞர் என்ற முறையில் மாற்றங்களின் பதிவேட்டுப் பிரதியைக் குழுவிடமிருந்து பெற்றேன். பிழைக்குக் காரணமான மாற்றம் சென்ற நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு, என் தங்கையின் பெயரில் பதிவாகியிருக்கிறது.

தாங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்று காலை பத்து முதல் பிற்பகல் ஒன்று வரை அவள் என்னோடு பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தாள். அப்பாவின் வீட்டுப் பாகப்பிரிவினைக்குக் கையெழுத்திட வந்திருந்தாள். பதிவான பத்திரமே அதற்குச் சான்று. ஒரே நேரத்தில் ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க இயலாது.

ஆகவே கீழ்க்காணும் கேள்விகளுக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

1. தங்கையின் திறவுச்சொல்லை அறிந்த வேறொருவர் தங்களைத் தவிர இல்லை என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா?
2. அன்று அந்நேரத்தில் தாங்கள் வீட்டில் கணினியின் முன் இருந்தீர்கள் அல்லவா?
3. தாமே எழுதிய மாற்றத்துக்குத் தாமே ஒப்புதல் அளிக்க நிறுவன விதி இடம் தராது என்பதால், அவள் பெயரில் எழுதித் தங்கள் பெயரில் ஒப்புதல் அளிப்பது வசதியானது அல்லவா?

தங்கள் முதல் வேலையைக் காரணம் சொல்லாமல் விட்டு வந்தீர்கள் என்பதைத் திருமணத்துக்கு முன் விசாரித்து அறிந்தேன். அன்று அவள் முகத்துக்காகப் பேசாமல் இருந்தேன். மறந்துவிடவில்லை.

என் மனைவி இவ்வரிகளை எட்டிப் பார்த்து, "உங்களுக்கு வீட்டுலயும் கோர்ட்டுதான். அவர் என்ன குத்தவாளிக் கூண்டுலயா நிக்கிறாரு?" என்கிறார். பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் அன்புள்ள,
மைத்துனன்


மார்ச் 16

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மூன்று கேள்விகளிலும் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு வேலை மிச்சம்.

முதல் வேலையை விட்டது, என் மேலதிகாரியின் கையெழுத்தை நானே போட்டுத் தர மறுத்ததால். அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் அக்கம்பக்கத்தில்தான் கேட்டீர்கள்.

பதில் எழுதுமுன் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகள் உங்களுடையவையா, அவளுடையவையா? நான் எழுதினேன் என்று நான் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய விருப்பமா?

மூன்று நாளாக இந்தச் சமையலறையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய கோப்பை கழுவி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் உங்களைக் கேட்க விட்டிருக்கிறாள் என்றால், அதற்கு ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிறது. அந்த அர்த்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கேள்விக்கு: அவள் என் வீட்டில், என் பொறுப்பில் இருக்கிறாள். அவளுடைய நலனுக்கு உகந்தது எதுவோ அதையே செய்கிறேன். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடப்பதைத் தெரிவிக்கும் உரிமை எனக்கு இல்லை. இதற்கு மேல் இது குறித்து எழுதுவது முறையன்று.

"அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும்" என்று தாங்கள் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டேன்.

நிலைமையை அப்படியே சொல்கிறேன். பிழை அவளுடையது என்று முடிவானால், அவள் உருவாக்கிய மொழியின் மீது அவளே கை வைக்க முடியாது. மருத்துவத் துறை சார்ந்த எந்த நிறுவனமும் அவளை வாசலில் சேர்க்காது. பன்னிரண்டு ஆண்டுகள் போகும். தாங்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஒருமுறை தேடிக்கொண்டவர்தாம்.

வாக்குமூலத்தின் வரைவை இணைத்திருக்கிறேன். தேதி, நேரம், காரணம் அனைத்தும் நிரப்பப்பட்டுள்ளன. தங்கள் கையெழுத்துக்கான இடம் மட்டுமே பாக்கி. அவள் அந்நேரத்தில் என்னோடு இருந்தாள் என்றும், கணினி எதுவும் அவளிடம் இல்லை என்றும் நான் பிரமாணப் பத்திரம் அளிக்கிறேன். இரண்டையும் ஒன்றாகத் தாக்கல் செய்தால், அவள் குழுவின் முன் செல்லும் தேவையே எழாது.

உங்கள் அன்புள்ள,
மைத்துனன்


மார்ச் 23

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பதில் கிடைத்தது. 'தெரியாது' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஆகவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்திட்டு அனுப்புகிறேன். இரண்டாம் பத்தியில் 'அலட்சியமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தச் சொல் எனக்குப் பொருந்தும்.

அவளுடைய துணிகளையும் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். அவள் இங்கே வந்து எடுக்க வேண்டிய சங்கடம் வேண்டாம்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இக்கடிதத்தை நான்காம் முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றிலும் நான் எனக்காக வாதாடியிருந்தேன்.

தங்கள் வாக்குமூலமும் என் பிரமாணப் பத்திரமும் மார்ச் இருபத்தெட்டாம் தேதி தாக்கலாயின. தங்களைப் பணியிலிருந்து நீக்கிய ஆணையும், தங்கையின் வாக்குமூலம் இனித் தேவையில்லை என்ற கடிதமும் ஏப்ரல் இரண்டாம் தேதி என் அலுவலகத்துக்கு வந்தன. தக்க சமயம் பார்த்து அவளுக்குச் சொல்லலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

நேற்று முன்தினம், பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மூலத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று குழு கேட்டிருந்ததால், அதன் உறையைப் பிரித்தேன். பத்திரத்தின் பின்னால் சிறு சீட்டு ஒன்று குத்தப்பட்டிருந்தது. பதிவு அலுவலகத்தின் வாசலில் உள்ளே கொண்டுசெல்லும் பொருள்களை எழுதிக் கொடுக்கும் சீட்டு. எல்லோரும் அதை வெளியே வந்ததும் கசக்கி எறிவார்கள். நான் பத்திரப்படுத்தியிருந்தேன். என் கையெழுத்தில் இவ்வாறு எழுதியிருக்கிறது: "கைப்பை ஒன்று. குடை ஒன்று. லேப்டாப் ஒன்று, சாம்பல் நிறம், மூடியின் வலது ஓரத்தில் கீறல் உள்ளது."

கீறலைக் குறித்தபோது காவலர் சிரித்தது நினைவுக்கு வந்தது. "சார், இதையெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க சார்" என்றார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. நான் வரிசையில் நின்றேன். அவள் சன்னலோரப் பெஞ்சில் மடியில் அதை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் எண்ணை அழைக்கப்போகிறார்கள் என்று அஞ்சி, "அத மூடு முதல்ல, கூப்பிடப் போறாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அதட்டினேன். "ஒரு நிமிஷம்ணா. இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்றாள். மீண்டும் அதட்டினேன். "சரி சரி, அனுப்பிட்டேன்" என்று மூடி, யாருக்கோ தொலைபேசியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது மணி பதினொன்று நாற்பது இருக்கும்.

கணினி எதுவும் அவளிடம் இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எழுதியவர் தாங்கள்தாம் என்று உறுதியாக நம்பினேன். நம்பியபின், அவளிடம் கணினி இருந்திருக்க வழியில்லை என்றே என் நினைவும் சொன்னது. முப்பது ஆண்டுகளாகச் சாட்சிகளிடம் இதே குறையைக் கண்டுபிடித்துத்தான் வழக்குகளை வென்றிருக்கிறேன்.

நேற்று காலை அவளிடம் எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன். தங்களுக்கு எழுதியவற்றின் நகலும் உண்டு. மாடிப் படியில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தாள். தாங்கள் மார்ச் பதினாறில் கேட்ட கேள்வியையும், பத்தொன்பதில் நான் சொன்ன பதிலையும் இருமுறை படித்தாள். பிறகு கேட்டாள்: "மொத நாளே நான்தான்னு சொன்னேனேண்ணா. உன் காதுல விழலையா?"

விழுந்தது, நம்பவில்லை என்றேன்.

"அவர் நல்லவர் இல்லன்னு ஏழு வருஷத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டே. அதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாலும் உனக்கு ஏறல" என்றாள். கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு எழுந்து மாடிக்குப் போனாள். என் மனைவி பெட்டியைக் கட்ட உதவினார்.

இன்று காலை குழுவுக்கு மூன்று செய்திகளை எழுத்தில் அளித்துவிட்டேன். என் பிரமாணப் பத்திரம் உண்மைக்கு மாறானது, அதைத் திரும்பப் பெறுகிறேன். தங்கள் வாக்குமூலத்தை வரைந்தவன் நான், அது என் வற்புறுத்தலில் பெறப்பட்டது. இனி என் தங்கைக்கு நான் வழக்கறிஞன் அல்லன். சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். வழக்கறிஞர் மன்றத்துக்கும் ஒரு பிரதி சென்றிருக்கிறது. அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை இப்போது யோசிக்கவில்லை.

இது தங்களை வந்தடையுமுன் அவள் வந்திருப்பாள். தங்கள் மார்ச் பதினாறாம் தேதிக் கேள்விக்கு உரிய பதிலை இப்போது தருகிறேன். அவளுக்குத் தெரியாது. ஒரு கேள்வியும் அவளுடையது அன்று.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி அடித்தேன். தங்களிடம் அதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

மைத்துனன்


ஏப்ரல் 17

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அவள் வந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, "வாக்குமூலமா கொடுக்கறீங்க வாக்குமூலம்?" என்று ஆரம்பித்தவள், இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. உங்கள் பங்கை நான் எழுதப்போவதில்லை. என் பங்கு மட்டும்: "அண்ணன் எழுதின பதினோரு வரியில நான் அப்படிப்பட்டவள்னு நம்பிட்டீங்க இல்ல? ஒரு போன் பண்ணத் தோணல?" குழுவின் கட்டளையைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நீங்கள் என்னை ஐயப்பட்டீர்கள். நான் அவளை ஐயப்பட்டேன். உங்களை மட்டும் குறை சொல்லி இந்தக் கடிதத்தை எழுத எனக்கு வழியில்லை.

அன்று பெஞ்சிலிருந்து அவள் பேசியது என்னிடம்தான். "அனுப்பிட்டேன். தொண்ணூத்தாறு கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். அண்ணா கத்தறாரு, நீங்க பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாதிரி எண்ணை வைத்தே ஓட்டினேன். சரியாக வந்தது. வராமல் எப்படி? ஒப்புதல் கொடுத்துவிட்டேன். உங்கள் வரைவில் 'அலட்சியமாக' என்ற சொல்லை அடிக்காமல் விட்டது அதனால்தான்.

இதையெல்லாம் இருவருமாகக் குழுவின் முன் சொன்னோம். அவள் எழுதியது, நான் பார்க்காதது, யாரும் இன்னொருவருக்குப் பதிலாகப் பேசவில்லை. முடிவு என்னவாகும் என்று தெரியாது. தலைமை போகலாம். அந்த நோயாளியின் வீட்டுக்கு அவள் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் தேறி வருவதாகப் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் முதல்முறையாக அழுதாள்.

பிழையையும் திருத்திவிட்டாள். யாராவது எண் கொடுக்க வாய்ப்பு இருக்கும்வரை, கம்பைலர் அந்த இடத்தைத் தொடாது. மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வராது. இரவும் பகலும் நாற்பது விதமான எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறோம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பங்குக்கு, தகுதி உண்டு. பதினேழு கேள்விகளோடு பதினெட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவளிடமும் கேட்டேன், "அண்ணனுக்கு என்ன எழுதட்டும்?" என்று. ஒரு பத்தி அளவுக்கு இடம் விட்டுவைக்கச் சொன்னாள். எப்போது எழுதுவாய் என்றேன். "தெரியல. அவரா எதையும் நெரப்பிக்காம இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னபடியே கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை

அன்புள்ள அண்ணனுக்கு,